சோப்பு வெட்டும் நாள்

சித்தி கத்தியை வைத்து அழுத்தப் போன நேரத்தில்தான் பாப்பா சமையலறைக்குள் வந்தாள். மேடையின் மூலையில் பழைய துண்டால் போர்த்தி வைத்திருந்த மரப்பெட்டி வெளிச்சத்துக்கு இழுக்கப்பட்டிருந்தது. துண்டு தரையில் கிடந்தது. பெட்டிக்குள் மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், நீளமாக ஒரு கட்டி.

"சித்தி, அதைத் தொடாதீங்க."

குரல் உயரவில்லை. ஆனாலும் சித்தி கத்தியைத் தூக்கிக்கொண்டாள்.

"ஒரு துண்டு வெட்டிக்கறேன்டி. அடக்கம் முடிஞ்சு வந்தவங்கல்லாம் பின்னாடி குழாய்கிட்ட மண்ணுக் கையோட நிக்கறாங்க. அங்க இருக்கற சோப்பு காகிதம் மாதிரி தேஞ்சு கிடக்கு. சோப்பு பண்ணி வித்த வீட்ல கை கழுவ சோப்பு இல்லைன்னா என்ன நினைப்பாங்க?"

"அது இன்னும் சோப்பு ஆகல. கை எரியும்."

விற்கிற சோப்பெல்லாம் போன ஞாயிறு சந்தையிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. பாப்பா பாத்திரம் தேய்க்கிற தூளை ஒரு கிண்ணத்தில் கொட்டிச் சித்தியிடம் கொடுத்தாள். சித்தி அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அக்கா மட்டும் இதைப் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். பாப்பா துண்டை எடுத்து உதறி, பெட்டியை மறுபடி போர்த்தினாள். குழந்தைக்குப் போர்த்துவதுபோல நான்கு ஓரமும் உள்ளே செருகினாள். அம்மா அப்படித்தான் செருகுவாள் என்பதால் செருகினாள். வேறொன்றும் தோன்றவில்லை.

இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். வேலை செய்கிற கண்ணாடிக் கடையில் மட்டும் மேடம். மூக்குக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போகிறவர்களிடம், எப்போது கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது அவளுடைய வேலை. அம்மா ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பகல் முழுவதும் சமைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோப்பு செய்தாள். கேன்டீனில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடித்து, துணி துவைக்கிற சோப்பு. தேங்காய் எண்ணெயில் குளிக்கிற சோப்பு. தேய்த்துக் குளிப்பதற்கு, காய்ச்சி எடுத்த காபிச் சக்கையைக் கலந்து இன்னொன்று. ஆரஞ்சுத் தோல் எப்போதும் குளிர்ப்பெட்டியின் தலைமேல் காய்ந்துகொண்டிருக்கும். அம்மாவிடம் எதுவும் லேசில் குப்பைக்குப் போகாது. கிழிந்த குடையின் துணியைப் பிரித்துத் தைத்த மேலங்கி ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது. "மேல தெறிச்சாலும் ஊறாது, வாங்கினாலும் இப்படிக் கிடைக்காது" என்பாள். அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது மழையை எதிர்பார்த்து நிற்கிறவள் போல இருப்பாள்.

இந்த வேலையில் பயப்பட வேண்டியது காஸ்டிக் சோடாவுக்குத்தான். அம்மா அதைக் காரம் என்பாள். அதைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயில் ஊற்றிக் கடைந்தால் சோப்பு. குறைந்தால் கொழகொழவென்று நிற்கும், இறுகாது. கூடினால் இறுகும், ஆனால் தோலை அரிக்கும். அதனால் காரத்தை எடை போடும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். ரேடியோகூட அணைக்கப்படும். ஒரு தடவை எடை போட்டு, இறக்கி, மறுபடியும் எடை போடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் முந்தாநாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"பாப்பா, காரம் எடை போட்டுட்டேனா?"

பாப்பா முன்னறையில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு காதில் இயர்போன். யாரோ ஒருத்தி தன்னுடைய அலமாரியை அடுக்கிக் காட்டுகிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா "ம்" என்றாள். அம்மா எடை போட்டதை அவள் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கமே போகவில்லை. அம்மாவும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு பாத்திரம் கழுவுகிற சத்தம்.

மறுநாள் காலையில் அம்மா கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

டாக்டர் வயதில் சின்னவர். நின்றுகொண்டேதான் பேசினார். இரண்டு மூன்று நாளாக ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டார். மறதி, பேச்சில் குழறல், சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பது.

"இல்ல" என்றாள் பாப்பா.

"சில பேருக்கு முன்னாடியே காட்டும். சில பேருக்கு ஒண்ணுமே காட்டாது" என்று சொல்லிவிட்டு அவர் எதையோ எழுதினார். முன்னாடியே காட்டியிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று பாப்பா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்போதிலிருந்து எல்லோரும் அவளிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்; அவளும் அந்த "இல்ல"வையே சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னறையில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் முதலில் சித்தியிடம் போவார்கள். அம்மாவுக்கு ஒரே தங்கச்சி அவள்தான். சித்தி ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லுவாள். காலையில் ஃபோன் வந்தது, பஸ் கிடைக்கவில்லை, வந்து சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். சொல்லி முடித்ததும் பாப்பா பக்கம் திரும்புவாள்.

"நீ வீட்லதானே இருந்தே? ஒண்ணுமே தெரியலையா?"

"இல்ல சித்தி. நல்லாத்தான் இருந்தாங்க."

சித்தி குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. வேறு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பாப்பாவும் முதல் தடவை சொல்லும்போதுதான் தடுமாறினாள். பிறகு, கண்ணாடி அடுத்த வாரம் ரெடியாகிவிடும் என்று கடையில் சொல்வதுபோல அது வாயில் தானாக வர ஆரம்பித்துவிட்டது.

எதையும் படிப்படியாக யோசித்துப் பழகியவள் அவள். அடக்கத்துக்குப் போகும்போது வண்டியில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தாள். அழுகை வரவில்லை, யோசனைதான் வந்தது. அம்மா காரத்தை எடை போட மறந்திருந்தால் சோப்பு இறுகியிருக்காது. இறுகியிருக்கிறது. ஆக, காரம் விழுந்திருக்கிறது. ஒரு தடவை விழுந்ததா, போட்டதை மறந்து இரண்டு தடவையா என்பதுதான் தெரியவில்லை. ஒரு தடவை என்றால் அம்மா அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தாள்; டாக்டரிடம் சொன்னது பொய் இல்லை. இரண்டு தடவை என்றால் அம்மாவுக்கு அன்று சாயங்காலமே தடுமாற ஆரம்பித்துவிட்டது. தடுமாறி, மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். மகள் "ம்" என்றிருக்கிறாள்.

அன்று அம்மா எப்படி இருந்தாள் என்பதற்கு இப்போது அந்தப் பெட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மதியத்துக்கு மேல் மெழுகுவத்திக்காரர் வந்தார். சந்தையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கடை. வாசனை மெழுகுவத்தி செய்து விற்கிறவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். அம்மா அவரிடம் விட்டு வைத்திருந்த மேசைத் துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டு, உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலி முனகியது.

சித்தி அவருக்கும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். முந்தின ஞாயிறு சந்தையில் அம்மா வழக்கம்போலத்தான் இருந்தாள் என்றார். எப்போதும்போல அவரைக் கிண்டல் செய்தாளாம். "உங்க மெழுகுவத்தி கொளுத்தறதுக்கு முன்னாடியே அழுவுது, கொஞ்சம் நிழல்ல வைங்க" என்றாளாம். யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் உடனே இருமி அதை மறைத்தார்.

"ஏதாவது ஊத்தி வெச்சிருக்காங்களா?" என்று அவர் பாப்பாவிடம் கேட்டார்.

"முந்தாநாள் ஊத்தினது இருக்கு."

"அப்ப இன்னிக்கே வெட்டிடணும் பாப்பா. தேங்காய் எண்ணெய்னா கல்லாயிடும். நாளைக்குக் கத்தி வெச்சா உடைஞ்சு போகும்."

இதைக் கேட்டதும் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவளுக்குச் செய்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது. அக்கா கையால் கடைசியாகச் செய்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டும் என்றாள். நான்கு வாரம் காய வேண்டும் என்று பாப்பா சொன்னாள். காயட்டும், அதற்கென்ன, என்று சித்தி அங்கேயே ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தைக்குக்கூடப் போடலாம், ஒன்றும் செய்யாது. பக்கத்து வீட்டுக்காரி தன் பேரனுக்குச் சொறி என்றாள். அவனுக்கு இரண்டு என்றாள் சித்தி.

பாப்பா மேசைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்டும்போது தூளாகிவிட்டது என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிடலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் எதுவுமே தெரியாமல் போய்விடும்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி நாக்குல வெச்சுப் பாத்துடுங்க" என்றார் மெழுகுவத்திக்காரர்.

சித்திக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். வெட்டின அன்றைக்கு நாக்கு நுனியை லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல சோப்பு என்றால் வெறும் சோப்பு ருசிதான் இருக்கும். காரம் மிஞ்சியிருந்தால் பேட்டரியை நக்கினதுபோலச் சுரீர் என்று அடிக்கும். அம்மா ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள். ஒருநாள் சந்தை நடுவில் அவரையே நக்கச் சொன்னாளாம். பின்னால் நின்ற கூட்டமெல்லாம் வேடிக்கை பார்த்ததாம்.

"பண்ணீங்களா?" என்றாள் சித்தி.

"சொன்னா செய்ய வேண்டியதுதானே. அவங்க விடமாட்டாங்க" என்றார் அவர். பிறகு தரையைப் பார்த்தார். அதற்கப்புறம் அதிக நேரம் இருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு வீட்டில் சித்தியும் பாப்பாவும்தான் இருந்தார்கள். சித்தப்பா நாற்காலிக்காரனைக் கூப்பிட்டுவரப் போயிருந்தார். சாயங்கால வெயில் சமையலறை ஜன்னலில் சாய்வாக விழுந்தது. பாப்பா குடைத் துணி மேலங்கியை மாட்டிக்கொண்டாள். நாடா அம்மாவின் இடுப்புக்கு முடிச்சுப் போட்டபடியே இருந்தது. அதை அவிழ்க்காமல் தலைவழியாக நுழைத்து இறக்கிக்கொண்டாள். கையுறை போட்டாள். பெட்டியைப் பலகைமேல் கவிழ்த்து, பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினாள். கட்டி வழுக்கி வந்து விழுந்தது. மெழுகுத் தாளை உரித்தாள்.

மேல்பக்கம் முழுவதும் மெல்லிசாக வெள்ளைப் பூச்சு.

பாப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றுப் பட்டாலும் அப்படிப் பூக்கும். காரம் மிஞ்சினாலும் பூக்கும். இரண்டையும் பார்த்துப் பிரிக்க அம்மாவுக்குத் தெரியும். கத்தியை வைத்து அழுத்தினாள். முதல் துண்டின் விளிம்பு கொஞ்சம் உதிர்ந்தது. இரண்டாவது நன்றாக வந்தது. மூன்றாவதும் நன்றாக வந்தது. உதிர்ந்தது காரத்தினாலா, தான் கத்தியைச் சாய்த்துப் பிடித்ததாலா என்று நின்று யோசித்தாள்.

ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். இறக்கினாள். மறுபடி கொண்டுபோய் நாக்கு நுனியை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

சுடவில்லை. ஆனால் சோப்பு ருசியும் இல்லை. எதுவுமே இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று மதியத்திலிருந்து எதிலும் அவளுக்கு ருசி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த டீ எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் சித்தி வற்புறுத்தி ஊட்டிய ரொட்டியும் அப்படித்தான், பஞ்சு மாதிரி போயிற்று. இந்த நாக்கை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது? ஜாடியைத் திறந்து ஒரு உப்புக் கல்லை வாயில் போட்டுப் பார்த்தாள். கல் என்று தெரிந்தது. உப்பு என்று தெரியவில்லை.

சித்தி டீக் குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டுக் குவளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டியில் இறக்கினாள்.

"சித்தி, இதைக் கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாருங்க."

"நீ பாக்கறதுதானே?"

"பாத்துட்டேன். எனக்குத் தெரியல."

சித்தி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இப்போது கேட்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நுனியில மட்டும் வைங்க. சுட்டா உடனே துப்பிட்டுத் தண்ணில கழுவிடுங்க. குழாய் ஓடட்டும்."

"நீ சாப்பிடாம கிடக்கறது போதாதுன்னு எனக்கு சோப்பு ஊட்டறியா?" என்றாள் சித்தி. ஆனாலும் குனிந்தாள். பாப்பா கையுறைக் கையால் துண்டைப் பிடித்துக்கொண்டாள். மருந்து வாங்குகிற குழந்தை மாதிரி சித்தி கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். அந்த நேரத்தில் அவள் முகம் அம்மாவின் முகமாக இருந்தது. பாப்பா பார்வையைத் திருப்பித் துண்டையே பார்த்தாள்.

"சுடுதா?"

"இல்ல."

"ஷாக் அடிக்கற மாதிரி?"

"ஒண்ணும் அடிக்கல. வழவழன்னு இருக்கு. த்தூ." சித்தி தொட்டியில் துப்பினாள். "சோப்பு மாதிரிதான்டி இருக்கு. பின்ன எப்படி இருக்கும்?"

பாப்பா கட்டியின் மறுகோடியிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள். கலக்கியது சரியில்லை என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் காரம் தங்கியிருக்கும். சித்தி அதையும் நக்கினாள். பிறகு நடுவிலிருந்து ஒன்று. மூன்றாவதை நீட்டியபோது சித்தி தானே கையில் வாங்கினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. நிதானமாக, ஏதோ ஒன்றை நினைவுபடுத்திக்கொள்கிறவள் மாதிரி வைத்துப் பார்த்தாள்.

"சுடணுமா?"

"சுடக் கூடாது."

"அப்ப சரியாத்தானே பண்ணியிருக்கா."

"ஆமா" என்றாள் பாப்பா. "சரியாத்தான் பண்ணியிருக்காங்க."

அவள் காத்திருந்தாள். இப்போது ஏதாவது வர வேண்டும், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குவதுபோலவாவது இருக்க வேண்டும் என்று நினைத்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாரம் இறங்கவில்லை. அது இன்னொரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"முந்தாநாள் சாயங்காலம் என்கிட்ட கேட்டாங்க சித்தி. காரம் எடை போட்டுட்டேனான்னு."

சித்தி குழாயை மூடினாள்.

"நீ என்ன சொன்னே?"

"ம்-ன்னேன். ஃபோனைப் பாத்துட்டு இருந்தேன்."

சித்தி ஒரு குவளையைக் கையில் எடுத்தாள். அது ஏற்கெனவே கழுவியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"உன்னோட 'ம்' அவளுக்கா தெரியாது" என்றாள், குவளையிடம் சொல்வதுபோல.

சித்தி மீதிக் குவளைகளைக் கழுவினாள். பாப்பா மீதிக் கட்டியை வெட்டினாள். கத்தி சீராக இறங்கியது. ஜன்னலோரத் தட்டில் தாளை விரித்து, காற்று போவதற்கு ஒரு விரல் இடைவெளி விட்டுத் துண்டுகளை நிற்க வைத்தாள். ஒவ்வொன்றிலும் கத்தி போன தடம் தெரிந்தது. நாலு ஓரத்தையும் சீவி எடுத்தபோது பலகைமேல் சீவல் குவிந்துவிட்டது. சுருள் சுருளாக, பென்சில் சீவினதுபோல.

பாப்பா கையுறையைக் கழற்றினாள்.

வெறுங்கையால் சீவலை அள்ளினாள். எரியவில்லை. கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். முதலில் உதிர்ந்தது. பிறகு சேர ஆரம்பித்தது. சித்தி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கேட்காமலே மீதிச் சீவலைத் தன் பக்கம் இழுத்து அவளும் உருட்டினாள். வாசலில் நாற்காலிக்காரன் வந்த சத்தம் கேட்டது. சித்தப்பா யாரையோ பெயர் சொல்லாமல் கூப்பிட்டார். இருவரும் போகவில்லை.

சித்தி செய்த உருண்டை வழவழப்பாக, உருண்டையாகவே இருந்தது. பாப்பாவுக்கு அது வரவில்லை. அழுத்தி அழுத்தி, அவள் கையிலிருந்தது கடைசியில் பிடியின் வடிவத்துக்கே வந்துவிட்டது. அதைத் தட்டில், வரிசையின் கடைசியில், ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தாள். நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்த குழிகளில் தண்ணீர் கொஞ்சம் நின்றது.